காயம்பட்ட கால்சட்டை

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. கதவோரம் நிற்கிறவளே, நீயும் வந்து உட்கார். கால் கடுக்க நின்று கேட்கிற கதை இல்லை இது. ஒரு கால்சட்டை காயம்பட்ட கதையைச் சொல்லப்போகிறேன். அந்தக் கால்சட்டைக்குள் ஒரு மனிதனும் இருந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாமல் கேளுங்கள். ஒன்றும் ஆகாமல் போனதால்தான் அவன் படாத பாடு பட்டான்.

ஒரு நகரத்தில் மரப் பராமரிப்பு அலுவலகம் ஒன்று இருந்தது. பட்ட கிளையை வெட்டுவது, மின்கம்பியில் உரசுகிற கொப்பைக் கழிப்பது, காற்றில் சாய்ந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்துவது எல்லாம் அதன் வேலை. அந்த வேலையை ஆறு பேர் செய்தார்கள். ஆறு பேரும் ஒழுங்காகச் செய்கிறார்களா என்று பார்க்க நாற்பது பேர் இருந்தார்கள்.

ஆறு பேரில் ஒருவன்தான் நம் ஆள். அடிமரத்தில் கை வைத்தானென்றால் ஒட்டிக்கொண்டு சரசரவென்று உச்சிக்குப் போய்விடுவான். அதனால் அவனுக்குப் பல்லி என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் இடது கைப் பக்கம் ஆளுயரக் கண்ணாடி அலமாரி. உள்ளே ஆறு செட் பாதுகாப்புக் கவசம். மஞ்சள் ஹெல்மெட், முகத்துக்கு வலை, காதுக்கு மூடி, கையுறை, முன்பக்கம் இரும்பு வைத்த பூட்ஸ், இடுப்பு வார், கயிறு, கடைசியில் அந்தக் கால்சட்டை. அதை லேசாக நினைத்துவிடாதீர்கள். துணிக்குள் துணியாக நூலை அடுக்கடுக்காக வைத்துத் தைத்தது. மெஷின் ரம்பம் கை தவறித் தொடைப் பக்கம் பாய்ந்தால், அந்த நூல் பிய்ந்து வந்து ரம்பத்தின் பல்லில் சுற்றிக்கொண்டு, கண் மூடித் திறப்பதற்குள் அதை நிறுத்திவிடும். யாரோ ஒரு புண்ணியவான் பிறத்தியார் ரத்தத்தைப் பார்த்து மனம் நொந்து, பல நாள் யோசித்துச் செய்திருக்க வேண்டும்.

அலமாரிக்கு மேலே ஒரு பலகை. ‘பாதுகாப்பே எங்கள் உயிர்.’ அதற்குக் கீழே, ‘கவசங்கள் கீறலின்றி இருக்கும் நாட்கள்: 1,026.’ தினமும் காலையில் கவசக் காப்பாளர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து அந்த எண்ணை மாற்றுவார்.

அதன்பின் ஆறு பேரும் வரிசையில் வந்து கவசம் அணிய வேண்டும். தலையில் எண்ணெய் இருந்தால் ஹெல்மெட் கெட்டுவிடும் என்று முதலில் ஒரு துண்டைக் கட்டுவார்கள். ஹெல்மெட்டுக்கு மேலே தூசு படாமல் ஒரு பிளாஸ்டிக் உறை. பூட்ஸுக்குள் மண் போகாமலிருக்க ஒரு பாயின் மேல் நிறுத்துவார்கள். பிறகு போட்டோ. காப்பாளரே எடுப்பார்.

“என்னய்யா இது, எழவு வீட்டுக்குப் போற மாதிரி நிக்கிற? பாதுகாப்பா இருக்கிறவன் மாதிரி மூஞ்சிய வை” என்பார்.

“எப்படிங்க வைக்கிறது? இருந்து பழக்கமில்லையே” என்பான் பல்லி.

“நேத்து வச்ச மாதிரி வை. நேத்து நல்லா வந்துச்சு.”

போட்டோ எடுத்ததும் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். மொத்தம் பதினொரு நிமிடம். அப்புறம் ஆறு பேரும் செருப்போடும் பனியனோடும் லாரியில் ஏறி மரம் வெட்டப் போவார்கள்.

இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும். ஆனால் போன வருஷம் பல்லியின் மச்சானுக்கு ஒரு விபத்து நடந்தது. மச்சான் என்றால் பெண்டாட்டிக்கு அண்ணன். ஆறு பேரில் அவரும் ஒருவர். கீழே விழுந்த கட்டையைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தபோது ரம்பம் வழுக்கி, செருப்பு போட்ட இடது காலில் பாய்ந்து, மூன்று விரலைக் கொண்டுபோய்விட்டது.

செய்தி வந்ததும் பாதுகாப்பு அதிகாரி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். ஆஸ்பத்திரிக்கு இல்லை, அலமாரிக்கு.

“பூட்ஸ் எங்க?”

“உள்ளதான் சார் இருக்கு” என்றார் காப்பாளர்.

“தொட்டுப் பாத்தியா?”

“பாத்தேன் சார். ரெண்டும் இருக்கு.”

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மாலையே அறிக்கை எழுதினார். ‘விபத்து நேர்ந்த இடத்தில் கவசம் ஏதும் இல்லாத காரணத்தால் பெரும் சேதம் தவிர்க்கப்பட்டது.’ பலகையில் எண் பூஜ்யத்துக்குப் போகவில்லை. மறுநாள் அதோடு ஒன்றைக் கூட்டினார்கள்.

மச்சானுக்கு இனி மரம் ஏற முடியாது என்பதால், இரக்கப்பட்டு உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்கள். கவசங்களைத் துடைக்கிற வேலை. மென்மையான மஞ்சள் துணி ஒன்று கொடுத்தார்கள். மச்சான் தினமும் அந்த இடது கால் பூட்ஸை மடியில் வைத்துத் துடைப்பார். இரும்பு வைத்த முன்பக்கம் வரும்போது கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்வார்.

பல்லியின் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்க்கிறவள். மூன்று மாதம் அண்ணன் காலுக்குக் கட்டு மாற்றியது அவள்தான். கட்டைக் கடைசியாக அவிழ்த்த நாளில், துணிகளை வாளியில் போட்டுவிட்டு, ஈரக் கையோடு புருஷன் முன்னால் வந்து நின்றாள்.

“ஏங்க, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. அந்தக் கால்சட்டையும் ஹெல்மெட்டும் இல்லாம இனிமே மெஷினத் தொடக் கூடாது.”

“ஆபீஸ்ல குடுக்க மாட்டாங்கம்மா. போட்டோவுக்குத்தான்.”

“அப்ப அந்த போட்டோவையே மரத்துல ஏறச் சொல்லுங்க. உங்க கால நான் வார்டுல பாக்கணும்னு வேண்டுதலா எனக்கு?”

“வேலை போயிடும்டி.”

“வேலை போனா வேற வேலை தேடலாம். கால் போனா எந்தக் கடையில கேப்பீங்க?”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பான். அழாததால் மறுநாள் காலையில் அதிகாரியின் அறை வாசலில் போய் நின்றான்.

அதிகாரி தங்கமான மனிதர். யார் வந்தாலும் உட்காரச் சொல்வார், நாற்காலிதான் இருக்காது.

“சொல்லுப்பா பல்லி.”

“சார், வேலை செய்யும்போது கவசத்தப் போட்டுக்கறதுக்கு அனுமதி வேணும்.”

அதிகாரி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இதோ பார். கவசம் போட்டுக்கிட்டுத்தான் வேலை செய்யணும்ங்கறது விதி. கவசத்துக்கு எந்தச் சேதமும் வரக்கூடாதுங்கறதும் விதி. நான் ரெண்டு விதியையும் மதிக்கிறவன். அதனாலதான் வேலைக்கு முன்னாடி போடறோம், வேலைக்கு முன்னாடியே கழட்டிடறோம்.”

“வேலை நேரத்துல அடிபட்டா சார்?”

“எதுக்கு?”

“எனக்கு.”

“ஓ” என்றார் அதிகாரி. அந்தப் பக்கம் அவர் யோசித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. “மரத்து மேல என்னென்ன ஆபத்து இருக்குன்னு உனக்குத் தெரியாதா? கிளை விழும், மெஷின் பாயும், முள் கிழிக்கும். அப்பேர்ப்பட்ட இடத்துக்கு, வாயில்லாத ஒரு ஹெல்மெட்டக் கூட்டிட்டுப் போறேங்கறியே, மனசு வருதா?”

பல்லிக்கு ஒரு கணம் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. வெளியே வந்து நாலு எட்டு நடந்த பிறகுதான் தெளிந்தது.

அன்றிலிருந்து அவன் தினமும் ஏதாவது சாக்குச் சொல்லித் தரையிலேயே நின்றான். வயிற்றுவலி என்றான், தலை சுற்றுகிறது என்றான். எட்டாம் நாள் சாக்கு தீர்ந்துபோனது. ஒன்பதாம் நாள் காலை, வரிசையில் நின்று, கவசத்தை மாட்டி, பாதுகாப்பான முகத்தை வைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற தூங்குமூஞ்சி மரத்தில் பெரிய கிளை பிளந்து, பேருந்து நிறுத்தத்துக்கு மேல் தொங்குகிறது. கீழே ஜனம் நிற்கிறது. உடனே வாருங்கள்.

லாரி உறுமியது. பல்லி ஓடி ஏறினான். கவசத்தோடு.

“கழட்டு! கழட்டிட்டுப் போடா!” என்று காப்பாளர் கேமராவும் கையுமாகப் பின்னால் ஓடிவந்தார். லாரி சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை என்று பின்னால் விசாரணையில் சொன்னான். நமக்குள் சொல்கிறேன், நன்றாகவே கேட்டது.

அங்கே போய், ஜனத்தை விலக்கிவிட்டு, கயிறு வீசி, இடுப்பு வாரை மாட்டி ஏறினான். பிளந்த கிளையை அடியில் பாதி அறுத்திருப்பான். மரம் ஒரு முறுக்கு முறுக்கி ரம்பத்தைப் பிடித்து, அப்படியே அவன் மேல் உதறியது. ரம்பம் நேராக வலது தொடைக்கு வந்தது. நூல் பிய்ந்தது, பல்லில் சுற்றியது, மெஷின் ‘டக்’கென்று நின்றது. ‘அம்மா’ என்று வாயைத் திறந்து மூடுவதற்குள் மேலேயிருந்து காய்ந்த கொம்பு ஒன்று இறங்கி ஹெல்மெட்டில் மோதிப் போனது.

பல்லி அப்படியே கயிற்றில் தொங்கினான். குனிந்து தொடையைப் பார்த்தான். கால்சட்டை ஒரு சாண் கிழிந்து வெள்ளை வெள்ளையாக நூல் தொங்கியது. அதற்குக் கீழே அவன் தோல், பிறந்த நாளில் இருந்த மாதிரி இருந்தது. ஒரு பாட்டம் அழுதுவிட்டு, வேறு மெஷினை மேலே அனுப்பச் சொல்லி மிச்சக் கிளையையும் அறுத்து இறக்கினான்.

அலுவலகத்துக்குத் திரும்பினால் நாற்பது பேரும் வாசலில் நின்றார்கள். காப்பாளர் கால்சட்டையைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். ஹெல்மெட்டில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. அதை வாங்கி மேசையில் துணி விரித்துப் படுக்கவைத்தார்கள். யாரோ மின்விசிறியைப் போட்டார்கள். பலகையில் 1,134 என்று இருந்ததை அழித்துப் பூஜ்யம் போட்டார்கள். பூஜ்யம் போட்டவர் கண்ணை மூடிக்கொண்டு போட்டதில் அது முட்டை மாதிரி கோணலாக வந்தது.

“எனக்கு ஒண்ணும் ஆகலீங்க” என்று பல்லி இரண்டு தடவை சொன்னான். அவனைப் பற்றி யாரும் கேட்கவில்லையே.

மூன்றாம் நாள் விசாரணை. நீள மேசை. அதிகாரி நடுவில், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர். மேசைமேல் கால்சட்டையும் ஹெல்மெட்டும். பல்லி எதிரில் நின்றான். அலமாரிக்குப் பொறுப்பான ஊழியர் என்று மச்சானையும் ஓரமாக உட்காரவைத்திருந்தார்கள்.

அதிகாரி தொண்டையைச் செருமினார்.

“உன் தொடையில காயம் உண்டா?”

“இல்ல சார்.”

“தலையில?”

“இல்ல சார்.”

“ஆக, வந்த அடி மொத்தத்தையும் கால்சட்டையும் ஹெல்மெட்டுமே தாங்கியிருக்கு. நீ அதுங்களுக்குப் பின்னாடி பத்திரமா ஒளிஞ்சிட்டிருந்திருக்க. சரியா?”

“சார், அது அதுக்குத்தானே சார்...”

“நாப்பது வயசு ஆம்பள. ஒரு கால்சட்டையை முன்னாடி தள்ளிவிட்டுட்டு நீ தப்பிச்சிருக்க. வெக்கமா இல்ல?”

பக்கத்தில் இருந்தவர் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார். “நீ இதைப் போடாம இருந்திருந்தா இது இன்னைக்கு முழுசா இருக்குமா இருக்காதா? அத மட்டும் சொல்லு.”

“முழுசா இருக்கும் சார். நான்தான் ரெண்டா இருப்பேன்.”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு” என்றார் அவர்.

அதிகாரி எழுந்து நின்றார். பேச்சு என்றால் அவருக்கு உட்கார்ந்தபடி வராது.

“நண்பர்களே, நான் இந்த நாற்காலிக்கு வந்தபோது இங்கே ஹெல்மெட்டுகள் அடிபட்டுக் கிடந்தன. கையுறைகள் கிழிந்து கிடந்தன. கேட்டால், ‘வேலை செய்தோம்’ என்றார்கள்! அந்த இருண்ட காலத்தை நான் மாற்றினேன். தொழிலாளியின் உடம்பு தானே ஆறும். இயற்கை அப்படிப் படைத்திருக்கிறது. கால்சட்டை ஆறுமா? சொல்லுங்கள், ஆறுமா?”

ஆறாது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். காப்பாளர் மூக்கை உறிஞ்சினார்.

தீர்ப்பை அப்போதே தட்டச்சுச் செய்து பல்லி கையில் கொடுத்தார்கள். போட்டோ நேரம் தவிர வேறு எப்போதாவது கவசத்தோடு காணப்பட்டால் வேலை போய்விடும். நாளை காலை முதல் அவன் மரம் ஏறித்தான் ஆக வேண்டும். வயிற்றுவலி, தலைசுற்றல் எதுவும் ஏற்கப்படாது.

பல்லி வீட்டுக்குப் போய், சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்தான். தாளைப் பெண்டாட்டியிடம் நீட்டினான். கூடவே வந்த மச்சான், தங்கையிடம் முகம் கொடுக்க முடியாமல் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏறாட்டி வேலை போகும். போட்டுக்கிட்டு ஏறினாலும் போகும். போடாம ஏறினா நீ வீட்டுக்குள்ள விட மாட்ட. நான் எங்கதாம்மா போறது?” என்றான் பல்லி.

அவள் வாங்கிக்கொண்டாள். தாளை முழுசாகப் படித்தாள். மருந்துச் சீட்டு, எச்சரிக்கைச் சீட்டு என்று தினமும் பொடி எழுத்தைப் படித்துப் பழகியவள். மற்றவர்கள் விட்டுவிடுகிற கடைசிப் பத்தியில் அவள் விரல் நின்றது.

“இங்க என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா? ‘சிறு கீறலேனும் விழுந்த பொருள் கவசம் எனும் தகுதியை இழந்து கழிவாகக் கருதப்படும். கழிவுகள் அன்றே பின்வாசல் வழியே வெளியே போடப்படும். அவற்றுக்கும் அலுவலகத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.’”

“ஆமா, அந்தக் கால்சட்டையும் பின்வாசல்லதான் கெடக்கு” என்றார் மச்சான்.

“அது கிழிஞ்சதுண்ணே. ஹெல்மெட்டும் வெடிச்சது. அதுங்க உழைச்சு முடிச்சாச்சு, விடு. மத்ததுல ஒரு கீறல் விழுந்தா?”

மச்சான் மெல்லத் திரும்பினார்.

“கீறல்னா... எவ்வளவு கீறல்?”

“எறும்பு நடந்த அளவுக்கு. மேல் பூச்சுல மட்டும். அழுத்திடாத, பொருளு கெட்டுடக் கூடாது. துணியில தையல் பக்கம் ஒரு நூல இழுத்தாப் போதும். கயிறுல கை வைக்காத, இடுப்பு வாரோட பட்டையிலயும் வைக்காத. வாரோட இரும்பு வளையத்துல லேசா ஒரு கோடு, கயிறு சுத்தி வச்சிருக்கிற பையில ஒண்ணு. பைக்குக் கீறல்னா கயிறும் கழிவுதான்.”

“துடைக்கிறவன் கை தவறாதா என்ன?” என்றார் மச்சான். காலில் விரல் போன நாளிலிருந்து அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தார்கள். “ஆனா பூட்ஸ்ல முதல் கீறல் நான்தான் போடுவேன். இப்பவே சொல்லிட்டேன்.”

அவள் தையல் டப்பாவிலிருந்து ஒரு ஊசியை எடுத்து அண்ணன் சட்டைக் காலரில் குத்திவிட்டாள்.

மறுநாள் காலை, காப்பாளர் பலகையில் எண்ணை எழுதிக்கொண்டிருந்தபோது மச்சான், “ஐயையோ!” என்றார். பூட்ஸில் ஒரு கீறல். இரும்பின் மேல், கண்ணுக்கு நேரே பிடித்தால் மட்டும் தெரிகிற மாதிரி. காப்பாளர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து முகம் வெளுத்தார். விதி விதிதானே. ஜோடியோடு பின்வாசலுக்குப் போனது. அரை மணி நேரத்தில் ஹெல்மெட்டில் ஒன்று. கையுறையில் நூல் ஒன்று. கால்சட்டைத் தையலில் ஒன்று. வளையத்தில் ஒன்று. கயிற்றுப் பையில் ஒன்று. இப்படியே ஒவ்வொரு செட்டாக.

“என்னய்யா ஆச்சு உனக்கு?”

“நேத்து விசாரணையப் பாத்ததுலேர்ந்து மனசு சரியில்லீங்க. கை நடுங்குது. இதுங்கள நெனச்சா பாவமா இருக்கு.”

காப்பாளருக்கும் அப்படித்தான் இருந்தது. மச்சான் தோளைத் தட்டிக்கொடுத்தார். பதினொரு மணிக்குள் அலமாரி காலி. பல்லியோடு மற்ற நான்கு பேரும் லாரியைப் பின்வாசல் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கழிவை அள்ளிக்கொண்டு போக ஆட்கள் தாமாகவே முன்வந்தார்களே என்று அலுவலகம் சந்தோஷப்பட்டது.

அதிகாரி புதிதாக ஆறு செட் வரவழைத்தார். பெட்டியைப் பிரித்துத் துடைக்கும்போதே மச்சானுக்குக் கை நடுங்கிவிட்டது. அதன்பின் அதிகாரி வரவழைக்கவில்லை. அவருக்கும் ஒன்று தெளிந்துவிட்டது. கவசமே இல்லாத அலமாரியில் கீறல் விழ வழியில்லை. பலகையில் நாள் மறுபடி ஏற ஆரம்பித்தது. மச்சான் இப்போது வெறும் கண்ணாடியைத் துடைத்தார். அதற்கு மாத்திரம் கை நடுங்கவே இல்லை.

ஒரு மாதம் கழித்து, நூலகத்துக்குப் பின்னால் பட்டுப்போன மரம் ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உச்சியில் பல்லி. தலையில் ஹெல்மெட், முகத்தில் வலை, காதில் மூடி, கையுறை, இடுப்பு வார், பூட்ஸ், கால்சட்டை. அந்த வழியாக வந்த அதிகாரியின் வண்டி நின்றது. அவர் இறங்கி, கையைக் கண்ணுக்கு மேலே வைத்து அண்ணாந்து பார்த்தார். முகம் சிவந்தது.

“பல்லி! எறங்குடா கீழ! கவசம் போட்டிருக்கியா நீ?”

கீழே இருந்தவர்கள் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பல்லி மெஷினை அணைத்தான். காது மூடியைத் தூக்கிக்கொண்டான். அவன் வேலையே அந்தக் கிளையின் நுனியில் ஆடிக்கொண்டிருந்தது.

“இல்லீங்க சார்” என்று மேலேயிருந்து கத்தினான். “கழிவு போட்டிருக்கேன்!”

“கழிவா?”

“பின்வாசல்ல கெடந்தது சார். எல்லாத்துலயும் கீறல் இருக்கு. எறங்கி வந்து காட்டட்டுமா?”

அதிகாரி யோசித்தார். விதிகளை ஒவ்வொன்றாக மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். எதிலும் மாட்டவில்லை.

“அப்ப சரி” என்றார்.

சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மேற்பார்வை பார்ப்போம் என்று மரத்தடிக்கே வந்து நின்றார். மேலே எங்கோ படபடவென்று ஒரு சத்தம். காய்ந்த சுள்ளி ஒன்று விழுந்து அவர் காலடியில் இரண்டாக உடைந்தது. அடுத்து இன்னொன்று, கொஞ்சம் பெரியது, ஒரு முழம் தள்ளி. அதிகாரி விறுவிறுவென்று லாரிக்கு நடந்தார். உள்ளே கிடந்த மஞ்சள் ஹெல்மெட் ஒன்றை எடுத்துத் தலையில் கவிழ்த்து, தாடைக்குக் கீழே வாரை இழுத்து இறுக்கி மாட்டிக்கொண்டார்.

கயிறு பிடித்தவர்களில் ஒருவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டான். “சார், அது கழிவு சார்.”

“தெரியும்பா. அதனாலதான் தலையில போட்டிருக்கேன்” என்றார் அதிகாரி. “நல்லதா இருந்தா பத்திரமா எடுத்து வச்சிருக்க மாட்டேனா?”

அன்று சாயங்காலம் பல்லி வீட்டுக்கு வந்து, வாசலில் பூட்ஸைக் கழற்றி, இரண்டு காலாலும் உள்ளே போனான். அவள் சாப்பிட எடுத்து வைத்தாள். அவ்வளவுதான் கதை.

நீங்களும் எழுந்து போங்கள் கண்ணுகளா, வீட்டில் தேடுவார்கள். உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை விரலோடு போனார்களோ அத்தனை விரலோடு திரும்பி வரட்டும். உங்கள் வீட்டு அலமாரியில் நல்ல பொருள் எதுவும் புதுசாகவே கிடக்காமல், உங்கள் உடம்பிலேயே உழைத்துத் தேயட்டும். வாசலில் செருப்புகள் சாயங்காலமானால் குறையாமல் சேரட்டும். நல்லா இருங்கள்.